வீட்டுக் கொல்லையில் புகையிலை தேவையா?

உத்திரமேரூர் வட்டாரத்தில் அண்மையில் நவரைப் பட்ட நெல் சாகுபடி பற்றி ஒரு பயிற்சிக் கூட்டம் நடந்தது. கூட்டம் முடிந்து எழுந்திருக்கும் நேரத்தில் ஒரு பெரியவர் கேட்டார்: "ஐயா, கடையில் புகையிலை வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. கிணற்றடிக் கொல்லையில் ஐம்பது செடி வைத்துக்கொண்டால் என்ன? மருந்து அடிக்காமல் வளர்த்தால் உடம்புக்கும் கெடுதி இல்லையே. நடுவது எப்படி, பதம் போடுவது எப்படி என்று சொல்லுங்கள்."

கேள்வியைக் கேட்டுச் சிலர் சிரித்தார்கள். ஆனால் நாலைந்து பேர் பதிலுக்காக நின்றார்கள். நேரம் இல்லாததால் அன்று அரைகுறையாகத்தான் சொன்னேன். முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

ஒரு பயிரை எப்படிச் செய்வது என்று உழவர் கேட்டால் அதை மறைக்கக் கூடாது. ஆகவே முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். கொல்லையில் புகையிலை வேண்டாம் என்பது என் கருத்து. அதற்கான காரணங்களைப் பின்னால் சொல்கிறேன். இரண்டையும் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

புகையிலை விளையும் இடங்கள்

போர்ச்சுகீசியர் வழியாக நம் நாட்டுக்கு வந்த பயிர் புகையிலை. தமிழ்நாட்டில் திண்டுக்கல், வேடசந்தூர் பகுதியும் வேதாரண்யம் கடற்கரையும் இதற்குப் பேர்போனவை. ராஜமுந்திரியில் 1947ல் மத்தியப் புகையிலை ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே வேடசந்தூரில் ஓர் ஆராய்ச்சிப் பண்ணை ஏற்பட்டது. பாக்கியலட்சுமி, மீனாட்சி, அபிராமி போன்ற மெல்லும் புகையிலை ரகங்கள் அங்கே உருவானவை.

வேடசந்தூர்க் கிணறுகளில் உப்பு கலந்த நீர் மிகுதி. வேதாரண்யத்தில் மணற்பாங்கான நிலம். மெல்லும் புகையிலைக்கு இந்த உப்பு நீர் தரத்தைக் கூட்டுகிறது. சுருட்டு, சிகரெட் புகையிலைக்கோ அதே உப்பு ஆகாது. இலை சரியாக எரியாது. கடல் தாண்டி யாழ்ப்பாணத்தில் தென்னை மட்டை, பொச்சு ஆகியவற்றின் புகையில் பதம் போட்ட புகையிலை ஒரு காலத்தில் திருவிதாங்கூருக்குக் கப்பல் கப்பலாகப் போயிற்று. மண், நீர், வியாபாரிகள், கைப்பழக்கம் எல்லாம் ஓரிடத்தில் கூடிவந்ததால் அங்கெல்லாம் இந்தப் பயிர் நிலைத்தது. உத்திரமேரூர்ப் பக்கம் ஏரிப் பாசனமும் நெல்லும் மணிலாவும்தான் நமக்குக் கைவந்தவை.

சாகுபடி முறை

புகையிலை விதை கடுகைவிடப் பல மடங்கு சிறியது. ஒரு கிராம் எடையில் ஏறக்குறைய பத்தாயிரம் விதைகள் இருக்கும். ஐம்பது செடிக்கு ஒரு சிட்டிகைகூட அதிகம். மேட்டுப்பாத்தி அமைத்து, விதையை மணலுடன் கலந்து தூவி, பூவாளியால் தண்ணீர் தெளிக்க வேண்டும். நீர் தேங்கினால் நாற்றழுகல் நோய் ஒரே இரவில் பாத்தியைக் காலி செய்துவிடும். நாற்பது, நாற்பத்தைந்து நாளில் நாற்று தயாராகும்.

இரண்டரை அடிக்கு இரண்டரை அடி இடைவெளியில் நட்டால் ஐம்பது செடிக்கு முக்கால் சென்ட் நிலம் போதும். திண்டுக்கல் பகுதியில் ஐப்பசி, கார்த்திகையில் நடுகிறார்கள். நம் பகுதியில் அந்த மாதங்கள்தான் பெருமழைக் காலம். புகையிலை வேரில் ஒரு நாள் தண்ணீர் நின்றாலே செடி துவண்டுவிடும். ஆகவே இங்கே மார்கழிக் கடைசி அல்லது தை மாதத்தில்தான் நட முடியும். மக்கிய தொழு உரம் நன்றாக இட்டு, வாரம் ஒரு முறை நீர் பாய்ச்ச வேண்டும்.

பூமொட்டு வந்ததும் பத்து, பன்னிரண்டு இலைகளை விட்டுவிட்டு நுனியைக் கிள்ள வேண்டும். அதன்பின் இலைக்கணுக்களில் பக்கக் கொழுந்துகள் கிளம்பும். அவற்றை வாரந்தோறும் ஒடிக்க வேண்டும். இப்படிச் செய்தால் இலை தடிக்கும், காரம் ஏறும். நாம் காரம் என்று சொல்வது நிக்கோடின். அது வேரில் உண்டாகி இலைக்கு ஏறுகிறது. நுனி கிள்ளினால் அதன் அளவு கூடுகிறது.

நட்ட 110 முதல் 120 நாளில் இலை மஞ்சள் ஓடி, தடித்து, சுருக்கம் விழும். மடக்கினால் படீரென்று ஒடியும். அப்போது செடியை அடியோடு வெட்டி, ஓர் இரவு நிலத்திலேயே வாடவிட்டு, கயிற்றிலோ மூங்கிலிலோ தலைகீழாகக் கட்டி வெயிலில் உலர்த்துவார்கள். இரண்டு மூன்று வாரத்தில் பச்சை மாறிப் பழுப்பு நிறம் வரும். பிறகு அம்பாரம் போட்டு மூடிவைத்து, உள்ளே சூடு ஏறியதும் பிரித்து மாற்றி அடுக்க வேண்டும். இப்படிப் பல வாரங்கள் செய்ய வேண்டும். சில ஊர்களில் வெல்லத் தண்ணீர் தெளிப்பதும் உண்டு. ஈரம் அதிகமானால் பூஞ்சணம் பிடிக்கும். குறைந்தால் இலை நொறுங்கித் தூளாகும். கைப்பழக்கம் இல்லாதவர்களுக்கு முதல் ஆண்டுச் சரக்கு பெரும்பாலும் வீணாகத்தான் போகும்.

முறை இவ்வளவுதான். விதைத்ததிலிருந்து வாயில் போடும் வரை ஏழெட்டு மாத வேலை.

கழனிக்கும் கொல்லைக்கும் வரும் கேடு

நம் வட்டாரத்தில் மணிலாப் பயிரை மொட்டையடிக்கும் புழுவுக்கு என்ன பெயர்? புகையிலைப் புழு. பகலில் மண்ணுக்குள் பதுங்கி இரவில் இலையைத் தின்னும் அதே புழுதான். அதற்கு மிகவும் பிடித்த செடிகளில் ஒன்று புகையிலை. தாய் அந்துப்பூச்சி ஒரே இடத்தில் நூற்றுக்கணக்கில் முட்டைக் குவியல் இடும். தை, மாசியில் மணிலா நிற்கும் கொல்லைக்குப் பக்கத்தில் ஐம்பது புகையிலைச் செடி வைப்பது, திருடனுக்குத் திண்ணையில் பாய் விரிப்பதற்குச் சமம்.

இரண்டாவது, தேமல் நோய். உலகில் முதன்முதலில் கண்டறியப்பட்ட நச்சுயிரியே புகையிலைத் தேமல் நச்சுயிரிதான். தக்காளி, மிளகாய் ஆகியவற்றையும் அது தாக்கும். பூச்சி இல்லாமலே, கை பட்டாலே பரவும். காய்ந்து பதமான புகையிலையிலும் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும். புகையிலையைக் கசக்கிய கையோடு தக்காளி நாற்றைப் பிடுங்கி நட்டால் நோயையும் சேர்த்து நட்டதாகிவிடும். புகையிலை போடும் பழக்கமுள்ள ஆட்கள் நாற்றங்காலில் இறங்குமுன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

மூன்றாவது, வெள்ளை ஈ. புகையிலையில் இலைச்சுருள் நோயைப் பரப்பும் இந்தப் பூச்சி வெண்டை, தக்காளி, மிளகாய்க்கும் தாவும். நான்காவது, ஒரோபாங்கி என்னும் ஒட்டுண்ணிக் களை. இதைப் புகையிலைக் காளான் என்றும் சொல்வார்கள். புகையிலை வேரில் ஒட்டிச் சாற்றை உறிஞ்சி வளரும். இதன் விதை தூசி போன்றது. மண்ணில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும். தக்காளி, கத்தரி வேரையும் பிடிக்கும். புகையிலை வட்டாரங்களிலிருந்து நாற்றோ மண்ணோ கொண்டுவந்தால் இந்தக் களையையும் ஊருக்குள் அழைத்துவந்தவர்கள் ஆவோம். ஒருமுறை வந்துவிட்டால் பேரன் காலம்வரை போகாது.

இலையைத் தொடும் கை

புகையிலை நஞ்சு வாய் வழியாக மட்டும் உடம்புக்குள் போவதில்லை. பனியிலோ மழையிலோ நனைந்த பச்சை இலையைக் கையாளும்போது நிக்கோடின் தோல் வழியாக ஏறும். குமட்டல், வாந்தி, தலைச்சுற்றல், தலைவலி, உடல் சோர்வு வரும். இதற்குப் பச்சைப் புகையிலை நோய் என்றே பெயர். குஜராத்தின் புகையிலைத் தொழிலாளர்களிடம் இது ஆராயப்பட்டுள்ளது.

வீட்டுத் தோட்டம் என்றால் வேலை செய்பவர் யார்? காலையில் கொழுந்து ஒடிப்பவர் வீட்டுப் பெண்மணி. கூட நிற்பது பள்ளிக்கூடம் போகும் பிள்ளை. சிறு உடம்புக்குச் சிறு அளவு நஞ்சே போதும். அம்பாரத்தைப் பிரித்து அடுக்கும்போது எழும் தூளும் நெடியும் வீட்டுக்குள்ளேயே சுற்றும். கர்ப்பிணிகள் இந்த வேலையின் பக்கமே போகக் கூடாது. கட்டவிழ்ந்த ஆடு, கன்று மேய்ந்தாலும் ஆபத்துதான்.

நம் கொல்லைச் சரக்கு நல்ல சரக்கா?

பெரியவரின் கேள்வியில் இருந்த முக்கியமான நம்பிக்கை இது. மருந்து அடிக்காத, கலப்படம் இல்லாத, நம் கையால் வளர்த்த புகையிலை கெடுக்காது என்று பலரும் எண்ணுகிறார்கள். கத்தரிக்காய்க்கும் கீரைக்கும் இந்தப் பேச்சு பொருந்தும். புகையிலைக்குப் பொருந்தாது.

புகையிலையில் புற்றுநோயை உண்டாக்குபவற்றில் முக்கியமானவை நைட்ரோசமைன்கள் என்னும் பொருள்கள். இவற்றை யாரும் வெளியிலிருந்து கலப்பதில்லை. பச்சை இலையில் இவை மிகக் குறைவு. இலையை உலர்த்தி, அம்பாரம் போட்டுப் பதப்படுத்தும்போதும் ஈரத்தோடு கட்டி வைக்கும்போதும் நுண்ணுயிர்களின் வேலையால் நிக்கோடினும் அதைச் சேர்ந்த பொருள்களும் நைட்ரோசமைன்களாக மாறுகின்றன. அதாவது, நாம் பதம் என்று சொல்லும் அந்தக் காரியத்திலேயே நஞ்சும் கூடுகிறது. புகையில் பதம் போட்டால் புகையின் கேடும் சேர்கிறது. இயற்கை உரம் இட்டு வளர்த்தாலும் இதில் மாற்றம் இல்லை. வீட்டில் பதம் போடும்போது ஈரத்தையும் சூட்டையும் அளந்து கட்டுப்படுத்த வழியில்லாததால் கேடு கூடவே வாய்ப்பு உண்டு.

உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மெல்லும் புகையிலை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று ஐயத்துக்கு இடமின்றி அறிவித்துள்ளது. வெறும் பாக்கையும் அதே பட்டியலில் சேர்த்திருக்கிறது. வாய், தொண்டை, உணவுக்குழாய், கணையம் ஆகிய இடங்களில் நோய் வரக்கூடும். காஞ்சிபுரத்தில் பிறந்த அறிஞர் அண்ணாவை 1969ல் நாம் இழந்தது உணவுக்குழாய்ப் புற்றுநோயால். அவர் பெயரில் காரப்பேட்டையில் உள்ள புற்றுநோய் மருத்துவமனையை நம் மாவட்டத்தில் அறியாதவர் இல்லை. காலை நேரத்தில் அங்கே போய் வாயை மூடித் துண்டு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பாருங்கள். கழனி வேலை செய்த கைகள் எத்தனை என்று தெரியும்.

என் பங்கு

இதை எழுத எனக்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன், வேறொரு வட்டாரத்தில் நான் பணியில் இருந்தபோது, ஓர் உழவர் இதே கேள்வியைக் கேட்டார். தென் மாவட்டச் சுற்றுப்பயணத்தில் கிடைத்த ஒரு சிட்டிகை விதையை நானே கொடுத்தேன். நாற்று விடுவதிலிருந்து அம்பாரம் மாற்றுவது வரை சொல்லிக் கொடுத்தேன். அவர் கெட்டிக்காரர். இரண்டாம் ஆண்டே நல்ல பதம் வந்துவிட்டது. வந்து பார்த்துப் பாராட்டியவனும் நான்தான்.

அதுவரை அவர் மனைவி கல்யாணம், காரியம் என்று போன இடத்தில் மட்டும் வெற்றிலையோடு ஒரு துண்டு போட்டுக்கொள்வார். பரண்மேல் பானை நிறையச் சரக்கு இருக்கவும், களை எடுக்கும்போது ஒன்று, சாப்பிட்டதும் ஒன்று, தூங்கப் போகுமுன் ஒன்று என்று ஆயிற்று. பத்தாண்டு கழித்துக் கன்னத்தின் உள்பக்கம் வெள்ளைப் படலம் வந்தது. வெற்றிலைச் சுண்ணாம்பு பட்ட புண் என்று விட்டுவிட்டார்கள். அது ஆறாமல் போய், கடைசியில் தாடை எலும்பில் ஒரு பகுதியை எடுக்க வேண்டி வந்தது. உயிர் பிழைத்தார். கூழும் கஞ்சியும்தான் ஆகாரம்.

அந்தப் பானைதான் காரணம் என்று ஒரு தனி ஆளின் விஷயத்தில் அறுதியிட்டுச் சொல்ல அறிவியலில் இடமில்லை. ஆனால் பானை இல்லாவிட்டால் பழக்கம் அந்த அளவுக்கு ஏறியிருக்காது என்பது எனக்குத் தெரியும், அவர் கணவருக்கும் தெரியும். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. "நாங்கள் கேட்டதைத்தானே சொல்லிக் கொடுத்தீர்கள், ஐயா" என்றார். கேட்டதைச் சொன்னேன், கேட்காததையும் சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கடனைத்தான் இன்று இந்தக் கட்டுரையில் கொஞ்சம் தீர்க்கிறேன்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒரு செடிக்குக் காய்ந்த இலை 120 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஐம்பது செடிக்கு 6 கிலோ. நாளொன்றுக்கு 10 கிராம் போடும் ஒருவருக்கு அது 600 நாளைக்கு வரும். கடையில் சிறு பொட்டலமாக வாங்கும்போது காசு தீர்ந்தால் பழக்கமும் ஒரு நாள் நிற்கும். வீட்டில் ஒன்றரை ஆண்டுச் சரக்கு கிடந்தால் நிற்காது. மருமகள் எடுப்பாள், வேலைக்கு வரும் ஆள் கேட்பார், விடலைப் பையன் ருசி பார்ப்பான். மிச்சம் பிடித்த காசு எவ்வளவு என்று அப்போது கணக்குப் போட்டுப் பயனில்லை.

"மீதியை விற்கலாமே" என்பார்கள். எங்கே விற்பது? நெல்லுக்குக் கொள்முதல் நிலையம் உண்டு. மணிலாவுக்கு ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் உண்டு. குண்டூரில் 1976 முதல் இயங்கும் புகையிலை வாரியம் ஏலம் நடத்துவது ஆந்திர, கர்நாடகச் சிகரெட் புகையிலைக்குத்தான். நம் மெல்லும் புகையிலைக்கு அல்ல. புகையிலை வியாபாரிகள் இருப்பது திண்டுக்கல், வேதாரண்யம் பக்கம். ஐந்து கிலோ சரக்குக்காக அவர்கள் இங்கே வரப்போவதில்லை.

சட்டத்தையும் நினைவில் வையுங்கள். அந்நாளில் 1943 முதல் 1979 வரை பதப்படாத புகையிலைக்கும் கலால் வரி இருந்தது. பயிரிட்டவர் அதிகாரியிடம் கணக்குக் காட்ட வேண்டும். அந்த வரி போய்விட்டது. ஆனால் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயதுக்கு உட்பட்டவருக்குப் புகையிலைப் பொருள் விற்பது குற்றம். குட்கா, பான் மசாலா முதலியவற்றுக்குத் தமிழக அரசு 2013ல் தடை விதித்து, ஆண்டுதோறும் நீட்டித்து வந்தது; வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை சென்றன. பொட்டலம் கட்டி விற்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால், முதலில் உங்கள் வட்டார உணவுப் பாதுகாப்பு அலுவலரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அதே முக்கால் சென்டில், அதே கிணற்றுத் தண்ணீரில், அதே ஏழெட்டு மாதத்தில் என்ன செய்யலாம்? சிறுகீரை 25 முதல் 30 நாளில் பிடுங்கலாம். ஐந்தாறு முறை மாற்றி மாற்றி விதைக்கலாம். வரப்போரம் நாலு அவரை, பத்துக் கத்தரி வைக்கலாம். பெரியகுளத்தில் உருவாகி 1989ல் வெளிவந்த பி.கே.எம். 1 செடி முருங்கை ஆறு மாதத்தில் காய்க்கும். சந்தையில் விற்காவிட்டாலும் குழம்புக்கு ஆகும். விற்காத புகையிலை எதற்கு ஆகும்?

பூச்சி விரட்ட வேண்டும் என்றால்

"வாயில் போட அல்ல, அவரையில் அசுவினிக்குத் தெளிக்க" என்று சிலர் சொல்வது உண்டு. அரை கிலோ புகையிலைக் கழிவை நாலரை லிட்டர் தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்து, 120 கிராம் சோப்புக் கரைசல் சேர்த்து, ஆறேழு மடங்கு தண்ணீர் கலந்து தெளிப்பது பழைய முறை. ஆனால் அது வீட்டு மருந்து என்பதால் நஞ்சில்லை என்று ஆகாது. நிக்கோடின் சல்பேட் என்னும் பூச்சிமருந்தை நம் நாட்டில் பயன்படுத்தவே தடை உண்டு. தக்காளி, மிளகாய்க்குத் தெளித்தால் தேமல் பயமும் இருக்கிறது.

அதற்குப் பதில் அரை கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, துணியில் கட்டித் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, பிழிந்து வடிகட்டிப் பத்து லிட்டராக்கி, சிறிது காதிச் சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளியுங்கள். வேப்பங்கொட்டை நம் ஊர் மரத்தடியில் சும்மா கிடக்கிறது.

யார் என்ன செய்யலாம்?

வேடசந்தூரிலும் வேதாரண்யத்திலும் தலைமுறையாக இதை நம்பிப் பிழைக்கும் உழவர்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அவர்களுக்கு மாற்றுப் பயிரும் அதற்கு விலையும் காட்டாமல் விட்டுவிடு என்பது நியாயமல்ல. புகையிலை உழவர்களுக்கு மாற்றுத் தொழில் காட்ட வேண்டும் என்று சொல்லும் உலக உடன்படிக்கையை நம் நாடு 2004ல் ஏற்றுக்கொண்டது. அந்தப் பொறுப்பு அரசுக்கும் எங்களைப் போன்ற ஆராய்ச்சியாளர்களுக்கும் இருக்கிறது. புகையிலை இல்லாத ஊரில் புதிதாக அதைக் கொண்டுவராமல் இருப்பது உங்கள் கையில் இருக்கிறது.

நிலக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நடவுக்கும் அறுப்புக்கும் வரும் பெண்களுக்கு வெற்றிலை பாக்கோடு புகையிலை கொடுப்பது நம் பக்கத்தில் மரியாதையாக இருக்கிறது. அந்த மரியாதையை மோராகவும் அவித்த மணிலாவாகவும் கொடுங்கள். பசி தெரியாமல் இருக்கத்தான் பலர் அந்தத் துண்டைப் போடுகிறார்கள்.

பழக்கம் உள்ளவர்கள் மாதம் ஒரு முறை கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்து பாருங்கள். வெள்ளை அல்லது சிவப்புப் படலம், இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வாய் திறப்பதில் சிரமம் இருந்தால் கை வைத்தியம் பார்க்காமல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஆரம்பத்தில் கண்டால் குணமாகும் நோய் இது. பழக்கத்தை விட நினைப்பவர்களுக்கு 1800 11 2356 என்ற எண்ணில் கட்டணமில்லாமல் ஆலோசனை கிடைக்கிறது.

கேள்வி கேட்ட பெரியவருக்கு: ஐயா, உங்கள் கிணற்றடி ஈரம் நல்ல ஈரம். வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு வாருங்கள். கீரை விதையும் முருங்கை விதையும் எங்கே கிடைக்கும் என்று நானே கூட வந்து சொல்கிறேன். புகையிலை விதை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.